தையல் மெஷினுக்கு முன்னால் ஊசியைக் கொடுங்கள்

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து போன பின்னர் எமது கரையோரக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்த உதவிப் பொருட்களில் தையல் மெஷினுக்குத் தனி இடம் உண்டு. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று இந்தக் கரை நெடுகிலும் எத்தனையோ வீடுகளுக்கு அது கிடைத்தது. கொடுத்தவர்களின் எண்ணம் நல்லது. கணவனை இழந்தவரும், தோணியையும் வலையையும் பறிகொடுத்த மீனவரின் மனைவியும் வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள்.

இருபது வருடங்கள் கழிந்த பிறகு கணக்குப் பார்த்தால் மனம் கவலைப்படுகிறது. நானறிந்த வீடுகளில் அந்த மெஷின்களில் பாதிக்கு மேல் கைமாறி விட்டன. இன்னும் சில, உப்புக் காற்றில் துருவேறி, மேலே துணி மூட்டை வைக்கும் மேசையாகக் கிடக்கின்றன. ஆனால் சில வீடுகளில் மட்டும் மெஷின் இன்றும் ஓடுகிறது. புடவைக் கடையில் நிற்பவன் என்பதால் யார் நூல் வாங்க வருகிறார்கள், யார் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். மெஷின் ஓடுகிற வீடுகளை எடுத்துப் பார்த்தால் அவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அங்கே தையல் தெரிந்தவர் ஒருவர் மட்டுமல்ல. உம்மா வெட்டுவார், மூத்த மகள் தைப்பார், உம்மும்மா பொத்தான் கட்டுவார், மகன் துணி வாங்கி வந்து தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருவருக்குச் சுகமில்லை என்றாலும் வேலை நிற்காது.

ஒருவருக்கு மட்டும் தெரிந்த தையல் கூலி வேலையாகவே இருக்கும். குடும்பத்துக்கே தெரிந்த தையல்தான் தொழிலாகும். இதனால்தான் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே தையல் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி ஒரு வியாபாரப் பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

எமது கரைக்கு ஏன் தையல் பொருந்தும்?

எமது பகுதியின் வருமானம் கடலையும் காலநிலையையும் நம்பியது. ஒக்டோபர் கடைசியில் வாடைக்காற்று கிளம்பி மாரி தொடங்கி விட்டால் சிறிய தோணிகள் கடலில் இறங்க முடியாத நாட்கள் கூடிவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மீனவர் வீட்டில் கை சுருங்கும். அதனால் கடைகளிலும் வியாபாரம் சுருங்கும்.

அதே மாதங்களில்தான் பாடசாலைச் சீருடைக்கான தேவை உச்சத்துக்கு வருகிறது. 1993ஆம் ஆண்டிலிருந்து இலங்கை அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கப்பட்டது. பின்னர் மீண்டும் துணியே வந்தது. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதையும் சீன அரசாங்கம் அன்பளிப்பாக வழங்கியது. எங்கிருந்து வந்தாலும் பிள்ளையின் கைக்கு வருவது துணிதான், தைத்த உடுப்பு அல்ல. முஸ்லிம் பெண் பிள்ளை என்றால் சட்டை, காற்சட்டை, பர்தா என்று மூன்று உருப்படி தைக்க வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் துணி இலவசம், தையற்கூலிதான் பாரம். அந்தக் கூலி வெளியே போகாமல் வீட்டில் தங்கினாலே அது ஒரு வருமானம். பக்கத்து வீட்டுத் துணியும் வந்து சேர்ந்தால் அது வியாபாரம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ரமழான் வருடத்துக்குப் பத்து, பதினொரு நாட்கள் முன்னோக்கி வரும். 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பரில் இன்னொரு ரமழானும் தொடங்கும். அதாவது அந்தக் காலப்பகுதியில் பெருநாள் உடுப்பும் பாடசாலைச் சீருடையும் ஒரே நேரத்தில் தைக்க வேண்டி வரும். அப்போது தையல்காரருக்குத் தட்டுப்பாடு வருமென்று சொல்ல சோதிடம் தேவையில்லை. இன்று பத்து, பன்னிரண்டு வயதில் இருக்கும் பிள்ளை அப்போது கை தேர்ந்தவராக இருக்க வேண்டுமானால் ஊசியை இப்போதே கொடுக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஆயத்த ஆடைகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. புது உடுப்பு வாங்க வந்தவர்கள் பழைய உடுப்பைப் பிரித்துச் சிறிய பிள்ளைக்கு அளவாக்க வழி கேட்டார்கள். அந்தக் காலத்தில் தையல் தெரிந்த வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் நன்றாக விளங்கியது.

மெஷின் விற்றவர்கள் பாடமும் சொன்னார்கள்

அமெரிக்காவைச் சேர்ந்த ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டில் தமது தையல் மெஷினுக்கு உரிமம் பெற்றார். அவருக்கு முன்னரே, 1846இல், எலியாஸ் ஹோவ் என்பவர் ஒரு மெஷினுக்கு உரிமம் பெற்றிருந்தார். ஆனால் உலகம் முழுவதும் பரவியது சிங்கரின் மெஷின்தான். அதற்கு இரும்பும் பல்சக்கரமும் மட்டும் காரணமல்ல. 1856இல் அந்த நிறுவனம் தவணை முறையில் பணம் கட்டும் வழியைக் கொண்டு வந்தது. அத்துடன் வாங்குபவருக்கு மெஷினை ஓட்டிக் காட்டவும், தைக்கப் பழக்கவும் கடைகளில் ஆட்களை வைத்தது. 1877இல் கொழும்பு புறக்கோட்டையில் கடை திறந்து இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. தைக்கத் தெரியாதவர் இரண்டாவது நூல் கட்டை வாங்க மாட்டார் என்பது அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

எமது கிழக்கிலேயே மருதமுனை நெசவைப் பார்க்கலாம். தறியில் இருப்பவர் ஒருவர். நூல் சுற்றுபவர், சாயம் போடுபவர், பாவு ஆயத்தம் செய்பவர் என்று அவரைச் சுற்றிக் குடும்பமே நிற்கும். தறி ஒன்றை மட்டும் தூக்கிக் கொண்டுபோய் வேறு ஊரில் வைத்தால் சாரம் நெய்ய முடியாது. தையல் மெஷினும் அப்படித்தான்.

ஆண் பிள்ளைக்கும் ஊசி

“தையல் பெண் பிள்ளையின் வேலை அல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பையும் தாமே செப்பனிட்டுக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்த கைத்தொழிலாளியாகவே வரலாற்றில் அறியப்படுகிறார்கள். ஆகவே இதில் ஆண், பெண் என்ற பாகுபாடு எமது மார்க்கத்தில் இல்லை.

ஊர் வழக்கத்தை எடுத்தாலும் அப்படித்தான். கரையில் உட்கார்ந்து வலை பொத்துபவர் யார்? ஆண்கள்தானே! கண் அளவு பிசகாமல், முடிச்சு நழுவாமல் வலை பொத்தத் தெரிந்த கைக்கு ஒரு பொத்தான் கட்டுவது பெரிய காரியமல்ல. பட்டணங்களில் கோட்டும் சேர்ட்டும் தைக்கும் டெய்லர்மாரிலும் பெரும்பாலானோர் ஆண்களே. எனவே மகளை மட்டும் மெஷினில் உட்கார வைத்துவிட்டு மகனைத் தெருவில் விட வேண்டாம்.

எந்த வயதில் எதைப் பழக்குவது?

பிள்ளைகளுக்குத் தையல் பழக்குபவர்கள் முதல் நாளே மெஷினில் உட்கார வைப்பதுண்டு. அது நீந்தத் தெரியாதவரை ஆழ்கடலில் இறக்குவது போன்றது. படிப்படியாகப் போக வேண்டும்.

ஆறு, ஏழு வயதில் ஊசியில் நூல் கோக்கவும், முடிச்சுப் போடவும் பழக்கலாம். பெரிய காதுள்ள, முனை மழுங்கிய ஊசியும் சாக்குத் துணியும் போதும். சாக்கின் இழைகள் தெளிவாகத் தெரிவதால் நேர்கோட்டில் ஓட்டுத் தையல் போடுவது பிள்ளைக்கு இலகு. ஒரு தடவைக்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். எடுத்த ஊசியை எண்ணித் திருப்பி வைக்கும் பழக்கமும் அப்போதே வர வேண்டும். கைக்குழந்தை தவழும் வீட்டில் இது மிக முக்கியம்.

எட்டு முதல் பத்து வயதுக்குள் பொத்தான் கட்டுதல், கிழிசல் தைத்தல், ஓரம் மடித்துத் தைத்தல் மூன்றும் வந்துவிட வேண்டும். தனது பாடசாலைச் சட்டையின் பொத்தானைத் தானே கட்டும் பிள்ளை அதைப் பிடுங்கி எறியாது.

பத்து, பதினொரு வயதில் மெஷினுக்கு வரலாம். முதலில் நூல் கோக்காமல், கோடு போட்ட கொப்பித் தாளை வைத்து அந்தக் கோட்டின் மேலேயே ஊசி ஓடும்படி பழக்குங்கள். ஊசி போட்ட துளைகள் கோட்டை விட்டு விலகினால் பிள்ளைக்கே தெரியும், துணியும் வீணாகாது. நேர்கோடு வந்ததும் வளைகோடு, பிறகு சதுரத்தின் மூலையில் ஊசியைக் கீழே வைத்துத் தாளைத் திருப்புவது. மோட்டர் பூட்டிய மெஷினை விட கை மெஷினோ கால் மெஷினோ ஆரம்பத்துக்கு நல்லது. வேகம் பிள்ளையின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

மெஷின் எப்படித் தைக்கிறது என்பதையும் விளங்கப்படுத்துங்கள். மேல் நூலும் பொபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பின்னிக் கொள்வதுதான் தையல். துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல் நூலில்தான் பிழை. மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்க ஊசி, சாதாரண துணிக்கு 14, தடித்த துணிக்கு 16 என்ற கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடற்கரை வீடுகளில் மெஷினைத் துணியால் மூடி வைப்பதும், தையல் மெஷின் எண்ணெய் விடுவதும் கட்டாயம். தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நாளடைவில் பசை போல் இறுகி மெஷினை முடக்கிவிடும்.

குடும்பமாகச் செய்ய நான்கு வேலைகள்

முதலாவது, தலையணை உறை. தலையணையை அளந்து, சுற்றிவர அரை அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டப் பழக்கலாம். தையலுக்கு இடம் விடாமல் வெட்டினால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளை ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

இரண்டாவது, குர்ஆன் உறை. நீளமும் அகலமும் அளந்தால் போதாது, தடிப்பையும் சேர்த்து அளக்க வேண்டும். தட்டையான துணியால் தடித்த பொருளை மூடும் பாடம் இது. மத்ரஸாவுக்குத் தன் கையால் தைத்த உறையில் குர்ஆனைக் கொண்டு போகும் பிள்ளைக்கு அதன் மேல் கண்ணியமும் கூடும்.

மூன்றாவது, சாரம் மூட்டுவது. நேரான ஒரே தையல்தான். ஆனால் இரண்டு தலைப்பிலும் உள்ள கோடும் கட்டமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், நூல் பிரியாமல் ஓரத்தை உள்ளே மடிக்க வேண்டும். வாப்பாவின் சாரத்தை மகன் மூட்டிக் கொடுக்கட்டும். அதைக் கட்டிக்கொண்டு வாப்பா ஜும்ஆவுக்குப் போகும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

நான்காவது, சுருக்குப் பை. வாயில் நாடா ஓடும்படி மடித்துத் தைக்கும் பை, சந்தைக்கும் பாடசாலைக்கும் உதவும். கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளே இதற்குப் போதும். முதலில் விற்கக்கூடிய பொருளாக வருவதும் இதுதான்.

இவற்றுக்குப் பிறகுதான் சட்டை, காற்சட்டை, அபாயா எல்லாம். வெட்டுவதை ஆகக் கடைசியாகப் பழக்குங்கள். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

நேரத்தின் கணக்கு

வியாபாரிகளுக்கு விளங்கும்படி ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சீருடைச் சட்டை தைக்க மொத்தம் 4 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் அளந்து வெட்ட 40 நிமிடம், மெஷினில் 2 மணித்தியாலம். மிகுதி 80 நிமிடம் பொத்தான் கட்டுவது, ஓரம் தைப்பது, நூல் நறுக்குவது, ஸ்திரிக்கை போடுவது ஆகிய கைவேலைகளுக்கு. உம்மா தனியே எல்லாவற்றையும் செய்தால் 8 மணித்தியாலத்தில் 2 சட்டை. கைவேலையை வீட்டிலுள்ள மற்றவர்கள் பொறுப்பெடுத்தால் அதே நேரத்தில் 3 சட்டை. புதிய மெஷின் வாங்கவில்லை, கடனும் எடுக்கவில்லை. ஆனால் வேலை ஒன்றரை மடங்கு.

தைக்கும் வீடுகளில் ஒரு கொப்பி வைத்துத் துணி, நூல், பொத்தான், மின்சாரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் வேலையைப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். தையலோடு வியாபாரமும் படியும். சொந்தக்காரர் கொண்டு வரும் துணிக்குக் கூலி கேட்க வெட்கப்பட்டு நின்றுபோன தையல்கள் பல. கொப்பியில் எழுதினால் அந்த வெட்கம் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பழக்குவது வேறு, பிள்ளையை வேலைக்கு வைப்பது வேறு. 2021இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. வீட்டிலும் அதே நியாயம்தான். சின்னப் பிள்ளை தனக்கும் வீட்டுக்கும் தைத்துப் பழகட்டும். ஓடர் நெருக்குகிறது என்று இரவில் கண் விழிக்க வைப்பதும், பரீட்சைக் காலத்தில் மெஷினில் உட்கார வைப்பதும் கூடாது. நான் மேலே சொன்ன கைவேலையை வளர்ந்தவர்களே எடுக்க வேண்டும். மாரியில் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் வாப்பாமார் இதற்கு முன்வரலாம். வலை பொத்திய கை அல்லவா!

எமது பங்கு என்ன?

இனி வியாபாரிகளாகிய எமக்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு வந்த மெஷின்கள் நின்றுபோனதற்குப் பயிற்சி போதாமை ஒரு காரணம் என்றால், தைத்ததை வாங்க ஆளில்லாமை மற்றக் காரணம். இரண்டாவது காரணம் எமது கையில் இருக்கிறது.

புடவைக் கடைக்காரர்கள் வெட்டுத்துண்டுகளைக் குப்பையில் போடாமல் மத்ரஸாவுக்கும் பாடசாலைக்கும் கொடுக்கலாம். தலையணை உறை, சுருக்குப் பை, தொழுகை உடுப்பு போன்றவற்றைத் தூரத்திலிருந்து மொத்தமாக இறக்குவதில் பத்தில் ஒரு பங்கையாவது ஊரில் தைக்கும் வீடுகளிடம் கேட்கலாம். ஓடரைப் பெருநாளுக்கு முந்திய வாரம் கொடுத்து அவசரப்படுத்தாமல் இரண்டு மாதம் முன்னரே கொடுக்க வேண்டும். தைத்துக் கொண்டு வந்தவரை “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பக் கூடாது. கூலியாளின் வியர்வை உலர முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் எமது மார்க்கம். மாதிரி ஒன்றைத் தைத்துக் காட்டி, தையல் கோணினால் எடுக்க மாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லி விடுங்கள். இரக்கத்துக்காக வாங்கும் பொருள் ஒரு தடவைதான் விற்கும். தரத்துக்காக வாங்கும் பொருள்தான் திரும்பத் திரும்ப விற்கும்.

முதலுக்கு வட்டிக் கடனை நம்ப வேண்டாம். வட்டி ஹராம் என்பது ஒரு பக்கம். உலகக் கணக்கிலும் அதன் கதி எமக்குத் தெரியும். வடக்கு, கிழக்குப் பெண்கள் நுண்கடனில் சிக்கித் தவித்ததால் 2018ஆம் ஆண்டில் திருகோணமலை உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்பதாக அறிவிக்க வேண்டி வந்தது. அதற்குப் பதிலாகப் பள்ளிவாசல் பைத்துல்மால் மூலமோ, வசதியுள்ள வியாபாரிகள் கர்ழ் ஹஸன் என்ற வட்டியில்லாக் கடனாகவோ உதவலாம்.

ஸகாத்தாகக் கொடுப்பதற்கும் இடமுண்டு. தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவியை ஸகாத் பணத்தில் வாங்கிக் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) போன்ற ஷாபிஈ மத்ஹப் அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். “தொழில் தெரிந்த” என்ற சொல்லைக் கவனியுங்கள். முதலில் தொழில், பிறகு கருவி. எழுநூறு வருடங்களுக்கும் முன்னர் வாழ்ந்த அறிஞர்கள் போட்ட இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக்கி, மெஷினை முதலில் கொடுத்துவிட்டுத் தொழில் தானாக வரும் என்று காத்திருந்தோம்.

ஆகவே அடுத்த தடவை உங்கள் ஊரில் தையல் மெஷின் பகிர்ந்தளிக்க யாராவது நிதி கேட்டு வந்தால் மறுக்க வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை வையுங்கள். மெஷின் போகும் வீட்டில் குறைந்தது இரண்டு பேர் தையல் பழகியிருக்க வேண்டும். பழகுவதற்கு இடமில்லையா? தொழிற்பயிற்சி அதிகாரசபையும், கிழக்கு மாகாண கிராமிய அபிவிருத்தித் திணைக்களமும் தையல் வகுப்புகளை நடத்துகின்றன. பாடசாலையை முடித்த பிள்ளைகள் அங்கே சேர்ந்து சான்றிதழும் பெறலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஊரில் தையல் தெரிந்த ஒரு ராத்தாவுக்கு மாதம் ஒரு தொகையைக் கொடுத்து, வார விடுமுறையில் இரண்டு மணித்தியாலம் சொல்லிக் கொடுக்கச் செய்யலாம். ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் அந்தத் தொகை ஒருவருக்கும் பாரமாகாது.

பாடசாலைத் தவணை விடுமுறையே இதைத் தொடங்க நல்ல நேரம். உங்கள் கடையிலிருந்து ஒரு ஊசிப் பக்கற்றையும், ஒரு நூல் கட்டையையும், ஒரு பிடி வெட்டுத்துண்டையும் இன்றிரவே வீட்டுக்குக் கொண்டு போங்கள். மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து ஊசியில் நூல் கோக்கச் சொல்லுங்கள். எமது பிள்ளைகளின் கைகளில் அல்லாஹ் பரக்கத்தை வைப்பானாக. ஆமீன்.